வேட்டக்குடி ஈசனும் வானத்து வேடனும்

அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது, ‘‘என்ன நட்சத்திரம்?’’ என்று குருக்கள் கேட்பார். வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் தடுமாறாமல் சொல்லிவிடுவீர்கள். ஆனால், அந்த நட்சத்திரத்தை வானத்தில் என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா?

காரைக்காலுக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கிறது திருவேட்டக்குடி. திருஞானசம்பந்தர் பாடிய தலம். பாசுபதாஸ்திரம் வேண்டித் தவமிருந்த அர்ஜுனனுக்காக வேடனாக வந்த ஈசன், இங்கே கையில் வில்லேந்திய உற்சவராக அருள்கிறார். மாசி மகத்தன்று கடலுக்கு எழுந்தருளித் தீர்த்தம் கொடுக்கிறார்.

அந்த மாசி மாதத்தில்தான் வானத்து வேடனைப் பார்ப்பதும் சுலபம்!

இரவு எட்டு மணிவாக்கில் மொட்டைமாடிக்குச் சென்று, தெற்கு நோக்கி நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சிக்கு அருகே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக, நெருக்கமாகத் தெரியும். அவற்றுக்கு வடக்கே சற்றுச் சிவந்து ஒளிர்வது திருவாதிரை; சிவபெருமானுக்கு உரிய நட்சத்திரம். இப்போது அந்த மூன்றையும் ஒரு கோடாக நினைத்து, இடப்புறம் கீழ்நோக்கி நீட்டுங்கள். வெண்ணிறத்தில் பளீரென்று மின்னுகிறதே, அதுதான் மிருகவியாதன். ‘மானை வேட்டையாடும் வேடன்’ என்று பொருள். சிரியஸ் என்று விஞ்ஞானிகள் சொல்வதும் இதைத்தான். இரவு வானத்து நட்சத்திரங்களில் இதைவிடப் பிரகாசமானது வேறில்லை.

மான் உருவெடுத்த பிரஜாபதியை ருத்திர அம்சமான வேடன் அம்பெய்தி வீழ்த்தியதாகச் சொல்கிறது ஐதரேய பிராமணம். மான்தான் மிருகசீரிடம், அந்த மூன்று நட்சத்திரங்களே அம்பு. தலபுராணக் கதை வேறு, இது வேறு. என்றாலும், இரண்டிலும் வில்லெடுத்தவர் சிவனார்தான்!

வெள்ளியும் வியாழனும் இதைவிட ஒளி வீசும். குழம்ப வேண்டாம், அவை கிரகங்கள், நிதானமாக ஒளிரும். மின்னிக்கொண்டே இருந்தால் நட்சத்திரம்.

மாசி மகத்தன்று கிழக்கே சந்திரனுக்குப் பக்கத்தில் மகம் நட்சத்திரத்தையும் தேடிப் பாருங்கள். பௌர்ணமி வெளிச்சத்தில் அது மங்கலாகத்தான் தெரியும். மிருகவியாதனோ அந்த நிலவொளியிலும் மறைவதில்லை.

அதன் ஒளி நம்மை வந்தடைய சுமார் எட்டரை ஆண்டுகள் ஆகின்றன. இன்று நீங்கள் காணும் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது, நாலாவது படிக்கும் உங்கள் பிள்ளை கைக்குழந்தை!

அந்தப் பிள்ளையையும் மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். பஞ்சாங்கத்தில் படித்த பெயர்களை, விரல் நீட்டி வானத்தில் காட்டிக் கொடுங்கள். அடுத்த முறை குருக்கள் நட்சத்திரம் கேட்கும்போது, பெயரோடு அதன் ஒளியும் நினைவில் வரும்.