பயம் இருந்தும் பேசினார்கள்

தைரியம் என்றால் என்ன? பாம்பைக் கையால் பிடிப்பதா? இருட்டில் தனியாகப் போவதா? இவையும் தைரியம்தான். ஆனால் அப்படிப்பட்ட நேரம் எப்போதோ ஒரு முறைதான் வரும்.

அன்றாட வாழ்க்கைக்கு வேறு ஒரு தைரியம் வேண்டும். தவறு நடக்கும்போது "இது தவறு" என்று வாய் திறந்து சொல்லும் தைரியம் அது. ஆந்திரப் பிரதேசத்தில் ஏழைப் பெண்கள் அப்படிச் சொன்னார்கள். இது உண்மையில் நடந்தது.

படிப்பு மையத்தில்

நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஒரு கிராமம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் சாராயக் கடை இருந்தது. சாராயத்தைப் பாக்கெட்டில் அடைத்து விற்றார்கள். ஆண்கள் வாங்கிய கூலியில் பெரும் பகுதி கடைக்குப் போனது. பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. கேட்ட மனைவிக்கு அடிதான் கிடைத்தது. தலையெழுத்து என்று பெண்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு இயக்கம் அங்கே வந்தது. பகலில் வேலை செய்த பெண்கள் இரவில் படிக்க வந்தார்கள். அவர்களுடைய புத்தகத்தில் குடியைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. பெண்கள் ஒன்றுசேர்ந்து சாராயக் கடையை மூடியதை அது சொன்னது.

பாடத்தைப் படித்தார்கள். பிறகு தங்கள் கஷ்டத்தைப் பேசினார்கள். எல்லா வீட்டிலும் அதே துன்பம்தான் என்று தெரிந்தது.

கடை மூடியது

பெண்களுக்குப் பயம் இல்லையா? இருந்தது. வீட்டில் கணவர் அடிப்பாரோ என்று பயம். வெளியில் சாராயக் காண்டிராக்டரின் ஆட்கள் என்ன செய்வார்களோ என்று பயம். ஒருத்தி தனியாகப் போனால் விரட்டிவிடுவார்கள். அதனால் எல்லோரும் சேர்ந்து போனார்கள். முன்னே நின்றவர்களில் ஒருவர் ரோசம்மா. ஊரில் சாராயக் கடை மூடியது.

இந்தச் செய்தி அடுத்த புத்தகத்தில் பாடமாக வந்தது. மற்ற ஊர்ப் பெண்களும் அதைப் படித்தார்கள். அவர்களும் துடைப்பத்தையும் மிளகாய்ப் பொடியையும் கையில் எடுத்தார்கள். சாராய வண்டியை ஊருக்குள் விடவில்லை.

சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலம் விட்டு வந்தது. 1992-இல் நெல்லூரில் அந்த ஏலத்தைத் தடுக்கப் பெண்கள் திரண்டார்கள். ஏலம் பல முறை தள்ளிப் போனது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரா முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995-இல் எல்லா மதுவுக்கும் தடை வந்தது.

1997-இல் அந்த மதுவிலக்கைத் தளர்த்திவிட்டார்கள். ஒரு முறை வென்றால் போதாது என்பதும் இதில் ஒரு பாடம். தைரியம் மறுபடியும் மறுபடியும் தேவைப்படும்.

நம் வாழ்க்கையில்

ரேஷன் கடையில் எடை குறைந்தால் கேட்பது தைரியம். படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போட மறுப்பது தைரியம். 18 வயது ஆகாத மகளுக்குக் கல்யாணம் வேண்டாம் என்று உறவினரிடம் சொல்வது தைரியம். செய்த தவறை ஒப்புக்கொள்வதும் தைரியமே.

பயமே இல்லாதவர் யாரும் இல்லை. பயந்துகொண்டே சரியானதைச் செய்பவர்தான் தைரியசாலி. துணை இருந்தால் பயம் குறையும். அதனால் உதவி கேட்பது கோழைத்தனம் ஆகாது. வீட்டில் கொடுமைக்கு ஆளாகும் பெண்களைக் காக்க 2005-இல் ஒரு சட்டம் வந்தது. பெண்கள் 181 என்ற எண்ணில் தொலைபேசியில் உதவி கேட்கலாம்.

தூபகுண்டா பெண்கள் முதலில் எழுத்தைப் படித்தார்கள். பிறகு தங்கள் வாழ்க்கையைப் படித்தார்கள். அதன் பிறகு அவர்கள் பேசாமல் இருக்கவில்லை.

சிந்திப்போம், பேசுவோம்

1. தூபகுண்டா பெண்கள் எதற்கெல்லாம் பயந்தார்கள்?
2. அவர்களுக்குத் தைரியம் எப்படி வந்தது?
3. உங்கள் ஊரில் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டியது எது?