ஜாப்பைக் கழற்றாத லாபம்

ஐந்து ஆக்சிஸ் மெஷின் என்றாலே இம்பெல்லர் வெட்டுகிற வீடியோவைத்தான் காட்டுவார்கள். டேபிளும் ஸ்பிண்டிலும் சேர்ந்து சுழன்று பிளேடை இழைக்கும். பார்க்க ஜோர்தான். ஆனால் கோவையில் ஜாப் ஒர்க் எடுக்கும் எங்களைப் போன்ற பட்டறைக்குக் காசு வருவது வேறு வழியில்.

எங்களிடம் அடிக்கடி வரும் வால்வு பாடி ஒன்று. ஐந்து முகத்திலும் வேலை, போதாக்குறைக்குச் சாய்வாக ஒரு துளை. சாதாரண மூன்று ஆக்சிஸ் மெஷினான விஎம்சியில் ஒரு முகம் முடிந்ததும் வைஸைத் திறந்து, பிசிர் எடுத்து, துடைத்து, திருப்பிக் கட்டி, மறுபடி டயல் வைக்க வேண்டும். தாடையில் ஒரு பொடிச் சுருள் மாட்டியிருந்தாலும் போச்சு. கட்டும்போதெல்லாம் நகரும் 0.02 மி.மீ. சேர்ந்து சேர்ந்து டாலரன்ஸை விழுங்கிவிடும். ஐந்து ஆக்சிஸ் மெஷினில் சாய்ந்து சுழலும் டிரன்னியன் டேபிளில் ஒரே தடவை கட்டினால், பிடித்திருக்கும் அடிப்பக்கம் தவிர எல்லாம் முடிந்துவிடும். சாய்வுத் துளைக்குத் தனி ஃபிக்சரும் வேண்டாம். இதற்கு ஐந்து ஆக்சிஸும் ஒன்றாக ஓட வேண்டியதில்லை. டேபிளைக் கோணத்தில் நிறுத்திப் பூட்டிவிட்டு மூன்றில் வெட்டுகிறோம். ‘மூணு ப்ளஸ் ரெண்டு’ என்போம். எங்கள் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

அடுத்தது டூல் நீட்டம். ஆழமான பாக்கெட்டில் ஹோல்டர் சுவரில் இடிக்குமே என்று எண்ட் மில்லை நீளமாகப் பிடிப்போம். நீட்டம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. அதிர்வில் சுவரெல்லாம் அலையடித்துவிடும். ஜாப்பைச் சாய்த்தால் குட்டை டூலே போதும். பால் நோஸ் என்கிற உருண்டை முனை டூலுக்கும் இப்படிச் சாய்ப்பது நல்லது. அதன் நட்டநடு முனையில் வெட்டுவேகம் பூஜ்யம். அங்கே வெட்டாது, தேய்க்கும். பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்துப் பாருங்கள், ஃபினிஷே வேறு.

வாங்குகிறவர்கள் விலையோடு மூன்றைக் கேளுங்கள்: டூல் சென்டர் பாயிண்ட் கண்ட்ரோல் உண்டா, உங்கள் கேம் சாஃப்ட்வேருக்குச் சரியான போஸ்ட் பிராசஸர் தருவார்களா, சுழல் மையத்தைப் புரோபும் உருண்டையும் வைத்துச் சரிபார்க்க முடியுமா. மெஷின் சூடேறினால் அந்த மையம் நகரும். வைஸை உயர்த்தி வையுங்கள். தாழ்வாக இருந்தால் டேபிள் சாயும்போது ஸ்பிண்டில் வந்து இடிக்கும். சிமுலேஷனில் ஹோல்டர், வைஸ் இரண்டின் மாடலும் இல்லாமல் புரோகிராமை ஓட்ட நான் விடுவதில்லை.

தட்டை பிளேட்டில் துளை மட்டும் போடுகிறவருக்கு விஎம்சியே போதும். டிரன்னியன் பெரிய பிளேட்டுக்கு இடம் தராது, எடையும் அவ்வளவு தாங்காது. அந்த வேலைக்கு அதன் மணி ரேட்டும் கட்டுப்படியாகாது.