மார்கழியில் பூனையின் மேனி

குளிர்காலத்தில் பூனையின் உரோமத்தை எப்படிப் பேணுவது என்று மேல்நாட்டு நூல்கள் கூறுவதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிட முடியாது. உரோமம் எப்பொழுது அடர வேண்டும், எப்பொழுது உதிர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பகலின் நீளமே முடிவு செய்கிறது. லண்டன் நகரில் டிசம்பர்ப் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு; ஜூன் பகலோ 16 மணி நேரத்தைத் தாண்டும். சென்னையில் இவ்விரண்டுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. ஆகவே மயிலாப்பூர்ப் பூனைக்குக் கம்பளிச் சட்டை முளைப்பதில்லை. அதன் முடி ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்ந்துகொண்டே இருக்கும். நம் சோபாவைப் பார்த்தாலே இது விளங்கும்!

நம் ஊர்ப் பூனைக்குக் குளிரைவிட ஈரமே பகை. உரோமங்களுக்கு இடையே தங்கும் காற்றுதான் அதன் உடற்சூட்டைக் காக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் முடி ஒட்டிக்கொண்டு அந்தக் காற்று வெளியேறிவிடும். நனைந்து வந்த பூனையைப் பழைய பருத்தித் துண்டால் முடி படிந்திருக்கும் திசையிலேயே ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் சிக்கு விழும்.

மற்றபடி பூனைக்கு அதன் நாக்கே சீப்பு. அதில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் உள்ளன. அவற்றின் நுனி ஒரு கரண்டிபோல் குழிந்திருப்பதையும், அக்குழி உமிழ்நீரை முடியின் அடிவரை கொண்டு சேர்ப்பதையும் 2018-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். வியப்பான அமைப்புதான். ஆனால் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. மேனியில் எது பட்டாலும் பூனை அதை நக்கி விழுங்கிவிடும்.

பனி நாட்களில் நமக்குத் தடவும் நீலகிரித் தைலத்தையோ, கற்பூரம் கலந்த களிம்பையோ அன்பு மிகுதியால் பூனைக்கும் தடவுவோர் உண்டு. இவை அதற்கு நஞ்சு. நம் கல்லீரல் எளிதில் முறித்துவிடும் பல பொருள்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க இயலாது. நாய்க்கான உண்ணி மருந்து இன்னும் கொடியது. அவற்றுள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கி உயிரையே பறிக்கக்கூடும். தீபாவளி எண்ணெய்க் குளியலும் நம்மோடு நிற்கட்டும்.

குளிப்பாட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் நின்ற வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். சாக்கடையும் எண்ணெயும் கலந்த அத்தகைய நீரில் நனைந்த பூனையை நக்க விடாமல் உடனே கழுவத்தான் வேண்டும். வெதுவெதுப்பான நீரும், பூனைக்கென விற்கும் ஷாம்பூவும் போதும். நன்கு அலசி, காற்று வீசாத இடத்தில் உலர்த்துங்கள்.

குட்டை முடிப் பூனைக்கு வாரம் ஒருமுறை வாரினாலே போதும். தி. நகர், அடையாறு அடுக்கு வீடுகளில் வளரும் பெர்சியப் பூனைக்கு நாள்தோறும் வார வேண்டும். இல்லாவிடில் காதுக்குப் பின்னும் முன்னங்காலின் அக்குளிலும் முடி கட்டியாகிவிடும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். பூனையின் தோல் மெல்லியது, முடியோடு சேர்ந்து எழும்பி வரும். விரலால் மெல்லப் பிரித்து, நுனியிலிருந்து வாருங்கள். பூனை வாலைச் சுழற்றத் தொடங்கினால் அன்றைய வேலை முடிந்தது என்று பொருள்! கிழப் பூனைக்கு மூட்டு வலியால் முதுகுப்புறம் எட்டாது. அதற்கு நாம்தான் வாரிவிட வேண்டும்.

வாரும்போது கருந்துகள்கள் உதிர்ந்தால் நனைத்த வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். செந்நிறமாகக் கரைந்தால் அது மண்ணன்று. தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது குழந்தைகளுக்கும் தொற்றும். ஆகவே கையைச் சோப்பால் கழுவிவிட்டு, பூனையைக் கூடையில் வைத்து மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் பூனைகளுக்கும் சிகிச்சை உண்டு. கூடையின் மூடியைக் கட்ட மறக்க வேண்டாம்.