இலங்கையிற் கல்வி வளர்ந்த வரலாறு

நமது நாட்டுக் கல்விமுறையைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் 1945 ஆம் ஆண்டிலே தொடங்கி, இலவசக் கல்வியின் சிறப்பை எடுத்தோதி, அவ்வளவில் அமைந்துவிடுவர். அதற்கு முன்னரும் ஒரு நீண்ட வரலாறு உண்டு, பின்னரும் உண்டு. அரசினரும், பாதிரிமாரும், சமயச் சபையாரும், ஊர்ப் பெரியோரும் தத்தம் நோக்கம் பற்றித் தனித்தனியே நடத்திய பாடசாலைகள் காலப்போக்கில் ஓர் ஆணையின்கீழ் வந்தமையே நமது தேசியக் கல்வியின் கதை. அக்கதையிலே நம்மனோர் கல்லூரிகளுக்கும் ஓர் அத்தியாயம் உண்டாதலின், இம்மலரில் அதனை ஆராய்தல் பொருத்தமுடைத்தென எண்ணுகின்றோம்.

ஐரோப்பியர் வருமுன் சிங்களப் பகுதிகளில் பிரிவேனாக்களும் பன்சாலைகளும் கல்வி வளர்த்தன. தமிழ்ப் பகுதிகளில் ஆசிரியர் வீட்டுத் திண்ணையே பள்ளிக்கூடம். மணலிலே விரலால் எழுதிப் பழகிய பிள்ளை பின்னர் ஏட்டுக்கு வரும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு எனப் படிப்பு ஏறிச்செல்லும். மனனமே முறை. இதனை இக்காலத்தார் இகழ்வர். ஆயினும் நிகண்டை நெஞ்சிற் பதித்தவன் எந்த நூலையும் அகராதியின்றிப் படிக்க வல்லனாயினான் என்பதை மறத்தலாகாது. குறை யாதெனின், அத்திண்ணை எல்லாருக்கும் உரியதாயிருக்கவில்லை. பெண்களுக்கும், தாழ்ந்தோரென ஒதுக்கப்பட்டோருக்கும் அங்கே இடமில்லை.

போர்த்துக்கேயர் கோயிற்பற்றுத்தோறும் பள்ளி வைத்தனர். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அம்முறையையே விரித்து, கோவிலையும் பள்ளியையும் ஒன்றாக்கினர். பள்ளிக்கு வராத பிள்ளையின் பெற்றோர் தண்டம் இறுக்கவேண்டும். பள்ளியாசிரியரிடமே பிறப்பு, விவாகப் பதிவேடுகளும் இருந்தன. ஆகவே கட்டாயக் கல்வி என்பது இந்நாட்டுக்கு இருபதாம் நூற்றாண்டிலே வந்த புதுமையன்று. ஆனால் ஒல்லாந்தர் வேண்டியது அறிவையன்று. தம் சபைக்கு ஆட்களையே வேண்டினர். அவர்கள் ஆட்சி நீங்கியதும் அப்பள்ளிகளிற் பல வெறிச்சோடிப் போனதில் வியப்பில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் 1816 இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய செமினறி, கணிதம், வானநூல், தமிழ், ஆங்கிலம் யாவற்றையும் ஒருங்கே கற்பித்தது. 1824 இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை கண்டனர். இது ஆசியாவின் பல பகுதிகளில் எண்ணிப் பார்க்கவும் இயலாதிருந்த செயல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857 இல் வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் இச்செமினறியிற் பயின்றோரே. கலித்தொகையை 1887 இல் ஏட்டிலிருந்து அச்சேற்றியவர் அந்தத் தாமோதரம்பிள்ளை. மதமாற்றத்தைக் கருதி எழுந்த கழகம் சங்கநூற் பதிப்புக்கு ஆள் தந்தது காலத்தின் விளையாட்டுப் போலும்! செமினறியோ 1855 இல் மூடப்பட்டது. மாணவர் உத்தியோகத்தை நாடினரன்றி ஊழியத்தை நாடினாரல்லர் என்பதே அதனை நடத்தியோரின் மனக்குறை.

இனி நாவலருக்கு வருவோம். ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மத்திய பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் பழைய திண்ணைக்குத் திரும்பிச் செல்லவில்லை என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். வகுப்புப் பிரிவு, நேர ஒழுங்கு, அச்சிட்ட பாடநூல், வினாவிடை ஆகிய யாவும் அவர் எதிர்த்தவர்களிடம் கற்றுக்கொண்டவையே. அவற்றிலே அவர் சைவத்தையும் தமிழையும் பெய்தார். பாலபாடங்கள் படிப்படியாக உயரும் உரைநடை நூல்கள். செய்யுளை மனனஞ் செய்வதே படிப்பென்றிருந்த பிள்ளைகளுக்கு, வாசித்துப் பொருளுணரும் பழக்கத்தை அவை தந்தன. 1872 இல் அவர் தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலை பொருள்முட்டினால் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆங்கிலம் கற்க விரும்பிய சைவப்பிள்ளை சமயம் மாறாது கற்பதற்கு ஓரிடம் வேண்டும் என்ற அவரது எண்ணம் மாத்திரம் நிலைத்தது. இந்துக் கல்லூரி என்னும் பெயர் தாங்கிய கழகங்கள் எல்லாவற்றுக்கும் வித்து அவ்வெண்ணமே.

அரசினர் அதுகாறும் என்செய்தனர்? கோல்புறூக் ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பின், 1834 இல் ஒரு பாடசாலை ஆணைக்குழு அமைத்தனர்; தமக்கு வேண்டிய எழுதுவினைஞரை ஆக்கும் ஆங்கிலப் பாடசாலைகளில் நாட்டஞ் செலுத்தினர். மோர்கன் குழுவினர் 1867 இல் அளித்த அறிக்கையின் பயனாக 1869 இல் பொதுப் போதனாப் பகுதி எழுந்தது. அடுத்த ஆண்டு முதல் தனியார் பாடசாலைகளுக்கு உதவிப்பணம் கொடுக்கும் முறை வழக்குக்கு வந்தது. பரீட்சையிலே பிள்ளைகள் தேறிய அளவுக்குப் பணம். எச்சமயத்தார் நடத்தினும் வேற்றுமையில்லை என்பது விதி. விதி நேர்மையானதே. ஆனால் முந்தியெழுந்தவனுக்கு முற்றம் முழுவதும் என்றாற்போல, ஐம்பதாண்டு முன்னரே நல்லிடங்களிற் பள்ளியமைத்துக்கொண்ட மிசன்களுக்கே பணத்தின் பெரும்பகுதி போயிற்று. 1890களின் தொடக்கத்தில், உதவி பெறும் பாடசாலையிலிருந்து கால் மைல் எல்லைக்குள் எழும் புதுப்பள்ளிக்கு உதவியில்லை என்ற கட்டுப்பாடும் வந்தது. சைவரும் பௌத்தரும் தம் ஊர் நடுவிலேயே தமக்கொரு பள்ளி வைக்க வழியின்றித் தவித்தனர்.

அத்தவிப்பிலிருந்தே வலிமை பிறந்தது. 1880 இல் கேணல் ஒல்கொட் வந்தபின் பௌத்த பிரமஞானசபை பாடசாலைகளை எழுப்பிற்று. 1886 இல் கொழும்பில் ஆனந்தாக் கல்லூரியின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் 1888 இல் சைவ பரிபாலன சபை தோன்றியது. 1890 இல் இந்துக் கல்லூரி வண்ணார்பண்ணையில் நிலைகொண்டது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்திற் பெண்களுக்கும் 1921 இல் திருநெல்வேலியில் ஆண்களுக்கும் கல்லூரி கண்டார். 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், இந்துபோட் இராசரத்தினம் என்றே ஊரார் அழைத்த சு. இராசரத்தினத்தின் உழைப்பால், நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தும் நிலைக்கு வளர்ந்தது. காணி கொடுத்தவர் ஒருவர், ஓலை வேய்ந்தவர் ஒருவர், பிடியரிசி திரட்டியவர் பலர். இவை அரசினர் பாடசாலைகளல்ல, ஊரின் பாடசாலைகள். இதனைப் பின்னர் நினைவுகூர்வோம்.

இவ்வாறு பள்ளிகள் பெருகினும் கல்வி ஒன்றாயிருக்கவில்லை. ஆங்கிலப் பாடசாலையிற் கட்டணம். சுயபாஷைப் பாடசாலையிற் கட்டணமில்லை. முன்னதிற் படித்தோர் மிகச் சிலர். உத்தியோகமும் உயர்கல்வியும் அவர்களுக்கே. பின்னதிற் படித்தோர் மிகப் பலர். அவருக்கோ சுயபாஷை ஆசிரிய பதவிக்கு மேல் ஏணியில்லை. தகப்பனின் பையே பிள்ளையின் தலையெழுத்தாயிற்று.

1931 இல் சர்வசன வாக்குரிமையுடன் அமைந்த அரசாங்க சபையிலே கல்வி மந்திரியாக வந்த சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா 1947 வரை அப்பதவியிலிருந்தார். அவர் தலைமையில் 1940 இல் அமைந்த விசேட குழு 1943 இல் அறிக்கை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்மை, ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி மூலம் போதனை என்பன அதன் தலையாய விதப்புரைகள். எதிர்ப்புக் குறைவன்று. வருவாய் எங்கே என்றனர் சிலர். தரம் தாழும் என்றனர் சிலர். தம் பள்ளிகளின் தனித்தன்மை போய்விடுமென அஞ்சினர் வேறு சிலர். யாவற்றையும் கடந்து 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி இத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. நாட்டுப்புறங்களில் அவர் எழுப்பிய மத்திய பாடசாலைகளும், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலும் இதனோடு ஒட்டியவை. கட்டணம் நீக்கினாற் போதாது, நல்ல பள்ளியும் பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும் என்பதைக் கன்னங்கரா அறிந்திருந்தார். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலிலே மத்துகமத் தொகுதி மக்கள் அவரைத் தோற்கடித்தனர் என்பதையும் வரலாறு குறித்துவைத்திருக்கின்றது.

தாய்மொழிப் போதனை படிப்படியாக மேலேறியது. 1950களில் இடைநிலை வகுப்புகளுக்குச் சென்று, 1960 இல் பல்கலைக்கழகக் கலைப்பிரிவையும் எட்டிற்று. பௌதிகமும் இரசாயனமும் தமிழிற் சொல்லமுடியுமா என்றோருக்கு விடையாகக் கலைச்சொற்றொகுதிகளும் பாடநூல்களும் எழுந்தன. அவற்றை ஆக்கிய ஆசிரியர்களின் உழைப்பை நாம் போதிய அளவு போற்றியதில்லை. ஆயினும் ஒன்று சொல்லாதிருக்க இயலாது. ஆங்கிலம் வழியே கற்ற காலத்தில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரு வாங்கிலிருந்து படித்தனர், சிலரேயாயினும். தாய்மொழி வந்தபோது மற்றவர் மொழியைக் கற்பிக்க எவரும் முனைந்திலர். ஈராயிரம் பிள்ளைகள் கற்கும் ஒரே வளவுக்குள்ளும் இரு பாடசாலைகள் உண்டாயின. தாய்மொழிக் கொள்கையின் குற்றம் அன்று இது. அதனைப் பாதியிலே விட்டோரின் குற்றம்.

1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசினர் வசமாக்கின. கட்டணம் வாங்காமலும் உதவிப்பணம் பெறாமலும் தனித்து நிற்க மேல்வகுப்புப் பாடசாலைகள் சிலவற்றுக்கு இடமளிக்கப்பட்டது. அவ்வாறு நின்றன சிலவே. மேற்கிலும் தெற்கிலும் கத்தோலிக்கர் பள்ளிக்கட்டடங்களுக்குள் இருந்து மறியல் செய்தனர். நம்மவரிடையே கருத்து ஒன்றாயிருக்கவில்லை. மிசன் பள்ளியிற் கற்ற சைவப்பிள்ளைக்கு இனித் தன் சமயம் கற்கும் உரிமை கிடைக்குமென மகிழ்ந்தோர் உண்டு. ஆசிரியர் சம்பளச் சுமை நீங்கியதென ஆறுதலுற்ற முகாமையாளரும் உண்டு. ஆனால் ஊரார் பிடியரிசியால் எழுப்பிய பள்ளிக்கு ஆசிரியரைத் தெரியும் உரிமை ஒரு நாளிலே கொழும்புக்குப் போயிற்று. சேர்ந்தது பெரிது: சம்பள ஒழுங்கு, இடமாற்றம், சமயப் பாகுபாடற்ற அனுமதி. இழந்ததும் சிறிதன்று: பள்ளிக்கும் ஊருக்குமிருந்த உறவு. நாம் இவ்விரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கும்போது, பள்ளிகள் பொதுவுடைமையானது தக்கதே, முகாமைச் சபைகளை முற்றாகப் புறந்தள்ளியது தகாதது என்றே கருதுகின்றோம்.

அதன் விளைவு பத்தாண்டிற் புலப்பட்டது. கல்வி முழுவதும் அரசின் கையிலிருக்கும்போது அரசு நடுநிலை பிறழின் பிள்ளைக்குப் புகலிடமில்லை. 1971 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் பொறியியலுக்குச் சிங்களமூல மாணவருக்கு 227 புள்ளி போதும்; தமிழ்மூல மாணவருக்கு 250 வேண்டும். மருத்துவத்துக்கு முறையே 229, 250. பின்னர் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 முதல் மாவட்டப் பங்கீடும் வந்தன. மாவட்டப் பங்கீட்டை முன்னதோடு ஒன்றாக வைத்துப் பேசுதல் சரியன்று. மன்னார், வவுனியா, மட்டக்களப்பு முதலிய இடங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றதற்கு அதுவும் காரணம். முதலாவதோ ஒரே வினாத்தாளுக்கு மொழியைப் பார்த்து வேறு விலை கூறியது. அக்காலத்து இளைஞர் உள்ளத்தில் அது மூட்டிய தீ எங்கே சென்று முடிந்ததென்பதை இந்நாட்டார் அறிவர். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் இராமநாதனின் பரமேசுவராக் கல்லூரிக் கட்டடத்திலே திறக்கப்பட்டது. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

வரலாற்று நூல்கள் விரைந்து கடந்துபோகும் ஒரு பகுதியில் நாம் சற்றுத் தங்குவோம். 1945 இல் நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கல்வி இலவசம் என்றபோது தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அந்த "எல்லாருள்" அடங்கவில்லை. 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டத்தில் பள்ளி வைக்கும் பொறுப்பைத் துரைமாரிடம் விட்டது. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புக்கு மேற்படாத படிப்பு: அவ்வளவே. பிள்ளை கொழுந்தெடுக்கும் வயதெய்தினாற் படிப்பு முடிந்தது. 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களால் தாய் தந்தையர் குடியுரிமையும் வாக்கும் இழந்தபின் அவர்க்காகக் கேட்போரும் அருகினர். இப்பள்ளிகளை அரசினர் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேதான். கன்னங்கராவின் ஏற்பாடு கொழும்பிலிருந்து மலையேறி ஒரு லயத்து வாசலை அடைய முப்பதாண்டு சென்றது. 1990களில் பத்தனையிலே சிறீபாதக் கல்விக் கல்லூரி எழுந்து மலையகத்துக்கு ஆசிரியரைப் பயிற்றத் தொடங்கியபின் நிலைமை மாறலாயிற்று. ஆயினும் கணிதமும் விஞ்ஞானமும் உயர்தர வகுப்பிற் கற்கவேண்டின் மலையகத்துப் பிள்ளை பலர் இன்றும் ஊர்விட்டு நெடுந்தூரம் போகவேண்டியிருக்கிறது.

ஏனையவற்றைச் சுருங்கக் கூறுவோம். 1980 இல் இலவசப் பாடநூல், 1993 இல் இலவசச் சீருடை. 1987 க்குப் பின் மாகாணப் பாடசாலை, தேசிய பாடசாலை என்னும் பிரிவு. 1998 முதல் கட்டாயக் கல்வி விதி. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த பாடசாலைகள் மரநிழலிலும் கொட்டிலிலும் வகுப்பு நடத்திப் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்பியதைத் தனியே எழுதுதல் வேண்டும்.

இன்று கட்டணமில்லாப் பாடசாலை முடிந்ததும் பிள்ளை கட்டணமுள்ள ரியூட்டறிக்குச் செல்கின்றது. வகுப்பறையில் ஆறு மணிநேரம் கேட்டதை மாலையில் விலைகொடுத்து மீளக் கேட்கின்றது. தேசிய பாடசாலையொன்றில் முதலாம் வகுப்புக்கு இடந்தேடும் பெற்றோர் படும் பாடும் யாவரும் அறிந்ததே. கட்டடமும் ஆய்வுகூடமும் வேண்டும்போது அதிபர் அமைச்சுக்கு எழுதுகின்றார். எழுதிவிட்டுப் பழைய மாணவர் சங்கத்துக்குச் சொல்லியனுப்புகின்றார். பணம் கொழும்பிலிருந்தும், இலண்டனிலிருந்தும், ரொறன்ரோவிலிருந்தும் வருகின்றது. ஆசிரிய நியமனத்திலோ பாடத்திட்டத்திலோ அப்பணம் தருவோர்க்குச் சட்டப்படி யாதொரு சொல்லும் இல்லை. பிடியரிசி கொடுத்த பாட்டனார்க்கு இருந்தது.