சங்க வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

அழகர்கோவில், கள்ளந்திரி, மேலூர்ப் பக்கம் விவசாயிகள் சங்க வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1. நாராயணசாமி நாயுடுவைத் தெரிந்துகொள்ளுங்கள். விவசாயிகள் சங்கத் தலைவர், கோவை வையம்பாளையத்துக்காரர். 1970-ல் பம்புசெட் மின்சாரம் யூனிட் 8 காசிலிருந்து 10 காசாக ஏறியது. அவர் திரட்டிய கூட்டத்தால் ஒரு காசு குறைந்தது. அந்தப் போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று பேர் குண்டடிபட்டுச் செத்தார்கள். 1972-ல் கட்டணம் மறுபடி ஏறியதும் கோவைத் தெருக்களை மாட்டு வண்டிகளால் அடைத்தார். 1984-ல் கோவில்பட்டிக்குப் போன இடத்தில் காலமானார். எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது 1990-ல். ஒரு காசுக்கு உயிர் கொடுத்தவர்களை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அந்தக் காசு தன் கிணற்றுக் கணக்கில் எவ்வளவு என்று ஒவ்வொரு சம்சாரிக்கும் தெரியும், அதனால்தான் வண்டி பூட்டி வந்தான்.

2. மறியலுக்கு ஆள் சேர்ப்பது பாதி வேலைதான். மறுபாதி தராசடியில் இருக்கிறது. நம் ஆள் சரக்கு இறக்கும்போது மண்டிக்குக் கூடப் போங்கள். எடை, கழிவு, கமிஷன், இறக்குகூலி என்று சீட்டை வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவன் விலை பேச வாய் திறக்க மாட்டான். அவனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் விலையைப் பேசுங்கள்.

3. கள்ளந்திரி வரை பெரியாறு பாசனம் இருபோகம். அதற்குக் கீழே மேலூர் வரை ஒருபோகம். அந்தந்தப் பகுதிக்குத் தண்ணீர் ஒன்றாக வருகிறது, நாற்று ஒன்றாகப் போடுகிறோம், அறுப்பும் ஒன்றாக வருகிறது. அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்குவதும் வியாபாரி விலையை இறக்குவதும் அந்த வாரங்களில்தான். ஆகவே நிலையம் எந்த ஊரில், எந்தத் தேதியில் திறக்க வேண்டும் என்ற மனுவைக் கதிர் பால் பிடிக்கும்போதே கொடுத்துவிடுங்கள். நெல் களத்துக்கு வந்தபின் மனு எழுதுவது வீண். ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் திருப்பிவிடுவார்கள். காயப்போடத் தார்ப்பாயும் களமும் தேடி வையுங்கள்.

4. முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் நம் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தது. தரகர் இல்லாமல் விளைவித்தவரே விற்கிற இடம். அதில் உட்கார அடையாள அட்டை வேண்டும். அட்டை இல்லாத கத்தரிக்காய்க்காரர் எத்தனை பேர் என்று ஊர் ஊராக எண்ணிப் பாருங்கள். மேடையில் பேசுவதை விட இது பெரிய வேலை.

5. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை மறக்காதீர்கள். இதற்கான சட்டம் 1933-லேயே வந்துவிட்டது. அங்கே மறைமுக ஏலம் உண்டு. விலை பிடிக்கவில்லையென்றால் கிட்டங்கியில் அடுக்கிவிட்டு அதன்மேல் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். கடன்காரன் வாசலில் நிற்பதால் அறுத்த அன்றே விற்பவருக்கு இதைச் சொல்ல நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

6. சங்கப் பணத்துக்கு ரசீது போடுங்கள். சந்தா ஐந்து ரூபாயானாலும்.

7. மல்லிகை அரும்பை விடியுமுன்னே பறிக்கிறவர்கள் பெண்கள். மாட்டுத்தாவணியில் முகூர்த்த நாளில் ஏறுகிற விலையும் மறுநாள் விழுகிற விலையும் அவர்களுக்கு அத்துபடி. பட்டா ஆம்பிளை பேரில் இருப்பதால் கூட்டத்துக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தைப் பூப்பறிப்பு முடிந்த பிற்பகலில் வையுங்கள். விலை பேசப் போகும்போது அவர்களில் இரண்டு பேரை முன்னால் உட்காரவையுங்கள்.