பல் போனால் என்பும் போகுமா?

‘பல்லுப் போனால் சொல்லுப் போச்சு’ என்பது முதுமொழி. ஆனால், பல்லோடு போவது சொல் மட்டுமன்று. அதைத் தாங்கி நின்ற தாடை என்பும் சிறிது சிறிதாகக் குறைந்துவிடுகின்றது.

என்பு உயிருள்ள ஓர் இழையமாகும். உணவை மெல்லும்போது ஏற்படும் அழுத்தம் பல்வேரினூடாகத் தாடையைச் சென்றடைந்து, அவ்விடத்து என்பைப் பேணுகின்றது. பல் கழற்றப்பட்டதும் அத்தூண்டல் நின்றுவிடுகின்றது. முதல் ஓராண்டிலேயே அவ்விடத்து என்பின் அகலம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறையக்கூடும்.

இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையில் பதிக்கப்படும் தைட்டேனியத் திருகே ‘இம்பிளான்ட்’ எனப்படும் செயற்கைப் பல்வேராகும். தைட்டேனியம் உயிருள்ள என்புடன் இறுகப் பிணைவதை சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரனெமார்க் 1950களில் முயல்களில் கண்டார். 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அதனைப் பொருத்தினார். இத்திருகு உறுதியாக நிற்கப் போதிய என்பு வேண்டும். அது போதாதவிடத்துச் செய்யப்படுவதே என்பு ஒட்டுச் சிகிச்சையாகும்.

ஒட்டு நான்கு வகைப்படும்:

1. நோயாளியின் சொந்த என்பு: நாடி, கீழ்த்தாடையின் பின்புறம் அல்லது இடுப்பிலிருந்து எடுக்கப்படும். உயிருள்ள கலங்களைக் கொண்டது. ஆயினும் இன்னோரிடத்திலும் காயம் ஏற்படும்.
2. தானமாகப் பெற்றுப் பதப்படுத்தப்பட்ட மனித என்பு.
3. விலங்கு என்பு: பெரும்பாலும் மாட்டினுடையது, பன்றியிலிருந்து பெறப்படுவதும் உண்டு.
4. செயற்கைப் பொருட்கள்: கல்சியம் பொசுபேற்றுச் சேர்வைகள் போன்றவை.

ஒட்டின்மேல் போர்த்தப்படும் மென்சவ்வும் விலங்கிலிருந்து பெறப்பட்டதாக இருக்கலாம். ஆகவே, இரண்டினதும் மூலம் யாதென்பதையும் வேறு தெரிவு உண்டா என்பதையும் சிகிச்சைக்கு முன்னரே பல் வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

கொடி படரப் பந்தல் உதவுவதுபோல, புதிய குருதிக் கலன்களும் என்புக் கலங்களும் வளர இவ்வொட்டு உதவுகின்றது. புதிய என்பு உறுதிபெறப் பொதுவாக 4 முதல் 6 மாதங்கள் வரை செல்லும். சிலருக்கு மேலும் தாமதமாகலாம். புகைத்தலும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் காயம் ஆறுவதைப் பாதிக்கும்.

பெற்றோரே, பல் கழற்ற நேரும்போது, அக்குழியிலேயே ஒட்டு வைத்து என்பைப் பாதுகாக்க முடியுமா என வினவுங்கள். மாணவிகளே, தாடை வளர்ச்சி முடியும்வரை இம்பிளான்ட் பொதுவாகப் பொருத்தப்படுவதில்லை. ஆதலால், நாளுக்கு இருமுறை புளோரைட்டு உள்ள பற்பசையால் பல் துலக்கி, இருக்கும் பற்களைக் காப்பதே நமக்கு முதற் சிகிச்சையாகும்.