இலை போடும் அம்மா இன்ஷியல்



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு செடி கொடியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது என் நண்பனும் இதைத்தான் கேட்டான். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நாம் பெரும்பாலும் பெயருக்கு முன்னால் அப்பா இன்ஷியல் போடுகிறோம். இலை போடுவது அம்மா இன்ஷியல்! எப்படி?

இலைக்குப் பச்சை நிறம் தருவது பசுங்கணிகம். வெயிலை வைத்து மரத்துக்குச் சமையல் செய்யும் இடம் அது. உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. தவிர, பசுங்கணிகத்துக்குத் தனியாக ஒரு டி.என்.ஏ. உண்டு. பெரும்பாலும் வளைய வடிவில், சுமார் ஒன்றரை லட்சம் எழுத்துகள் கொண்டது. 1986-ல் புகையிலைச் செடியில் இதை முழுமையாகப் படித்தார்கள். பூக்கும் தாவரங்கள் பெரும்பாலானவற்றில் இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. மகரந்தம் கொடுத்த அப்பாவுக்கு இதில் பங்கே கிடையாது. ஆகவே இதைப் படித்தால் தாய்வழி தெரிந்துவிடும்.

இனி பிச்சாவரத்துக்கு வருவோம். சிதம்பரம் பக்கத்தில், வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே உள்ள அலையாத்திக் காடு அது. அங்கே சுரபுன்னை வகையில் வித்தியாசமான ஓர் அரிய மரம் இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கதிரேசன் 1995-ல் அதைப் புதிய இனம் என்று அறிவித்து, பல்கலைக்கழகத்தின் பெயரால் ‘ரைசோபோரா அண்ணாமலையானா’ என்று பெயர் வைத்தார்.

1997-ல் சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதன் டி.என்.ஏ.வைச் சோதித்த முடிவு வெளிவந்தது. அது தனி இனம் அல்ல. அபிகுலேட்டா, முக்ரோனேட்டா என்ற இரண்டு சுரபுன்னைகள் கலந்து பிறந்த பிள்ளை! கதிரேசனும் 1999-ல் அதைக் கலப்பினம் என்று திருத்தி எழுதினார்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. பசுங்கணிகத்தை மட்டும் படித்திருந்தால் அம்மா இனம் மட்டும்தான் தெரியும். அப்பா காணாமல் போயிருப்பார். உட்கருவில் இரண்டு பேரின் அடையாளமும் இருக்கும். ஆனால் அதில் அம்மா யார், அப்பா யார் என்று பிரிக்க முடியாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் குடும்பக் கதை முழுமையாகும். ஒர்க்‌ஷாப்பில் நாமும் ஒரே அளவை நம்பி ஜாப்பை ஓ.கே. செய்வதில்லையே!

இதனால் என்ன லாபம்? சுரபுன்னைக் கலப்பினங்கள் பூக்கும். ஆனால் விதை பிடிப்பது அரிது. அந்த மரத்தை வெட்டிவிட்டால் அதன் கன்று என்று நட ஒன்றும் இருக்காது. பெற்றோர் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தால்தான் மறுபடி ஒன்று பிறக்கும். அதனால் காப்பாற்ற வேண்டியது ஒரு மரத்தை அல்ல, அந்தக் காட்டையே! பிச்சாவரம் 2022-ல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி.

நம் மாவட்டத்துப் பழவேற்காட்டிலும், பக்கத்து எண்ணூர்க் கழிமுகத்திலும் வெண்கண்டல் என்ற அலையாத்தி இருக்கிறது. புவனேஸ்வர் உயிர் அறிவியல் நிறுவனமும் நம் எஸ்.ஆர்.எம். விஞ்ஞானிகளும் சேர்ந்து அதன் முழு டி.என்.ஏ.வை 2021-ல் படித்து வெளியிட்டார்கள். மொத்தம் சுமார் 46 கோடி எழுத்துகள்! உப்புத் தண்ணீரில் அது எப்படிப் பிழைக்கிறது என்பது தெரிந்தால், உப்பு ஏறிய வயலுக்கும் ஒரு வழி பிறக்கலாம்.

கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். தப்பாகச் சொல்லிவிட்டால் சிரிப்பார்களே என்று முதல் வருஷம் முழுக்க வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஒரு பேராசிரியரே தாம் சொன்னதை நாலு வருஷத்தில் திருத்திக்கொண்டார் என்று படித்தபோது அந்தப் பயம் போய்விட்டது. தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம். பேசாமல் இருந்தால் திருத்தக்கூட ஒன்றும் இருக்காது.

கேள்வி கேட்போம் நண்பர்களே!